ஜார் போனார், சாவி யார் கைக்குப் போனது?

ரஷ்யப் புரட்சி பற்றிப் பேச்சு வந்தால், ஜார் மன்னர்களின் அரண்மனைகள் என்ன ஆயின என்பதற்கு நம்மிடம் இரண்டு ரெடிமேட் பதில்கள் இருக்கின்றன. புரட்சிக்காரர்கள் உள்ளே புகுந்து சூறையாடி நாசமாக்கிவிட்டார்கள் என்பது ஒன்று. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் ஏழை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. பேசுபவர் எந்தக் கட்சிக்கு அனுதாபி என்று தெரிந்தால் போதும், எந்தப் பதில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். சூறையாடலும் நடந்தது, திறந்துவிட்டதும் நடந்தது. ஆனால் பெரிய சேதம் நாம் நினைக்கிற ராத்திரியில் நடக்கவில்லை, நாம் நினைக்கிற ஆட்களாலும் நடக்கவில்லை. நடுவில் பத்துப் பதினைந்து வருடக் கதை ஒன்று இருக்கிறது. ரஷ்ய வரலாறு ஒன்றுமே தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு பெரிய வீடு

ஊரில் ஒரு பெரிய வீடு. நாற்பது அறை, தோட்டம், வேலைக்காரர்கள், பரண் நிறையப் பாத்திரம். வீட்டுக்காரர் திடீரென்று இல்லாமல் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "வீடு யாருக்குப் போச்சு?" என்றுதான் ஊர் கேட்கும். ஆனால் அது ஒரே கேள்வி இல்லை. பத்திரம் யார் பெயரில் மாறியது என்பது ஒன்று. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பது வேறொன்று, பத்திரம் வைத்திருப்பவரே சாவிக்காரரிடம் கெஞ்சி நின்ற கதைகள் நமக்குத் தெரியாததா? அப்புறம் உள்ளே இருக்கிற சாமான். வீடு அப்படியே நிற்கும், கதவும் பூட்டியிருக்கும், ஆனால் வெள்ளிக் குத்துவிளக்கு எப்போதோ சேட்டுக் கடைக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் போக, சமையல்காரருக்கும் காவல்காரருக்கும் இனி யார் சம்பளம் கொடுப்பது, மழைக்கு முன் கூரை ஓடுகளை யார் மாற்றுவது என்ற அன்றாடத் தொல்லையும் உண்டு. ரஷ்ய அரண்மனைகளின் தலைவிதியைத் தீர்மானித்ததில் இந்தத் தொல்லைக்குப் பெரிய பங்கு உண்டு, கொள்கைக்கு எவ்வளவு பங்கோ கிட்டத்தட்ட அவ்வளவு.

ஆகவே பத்திரம், சாவி, சாமான் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

அந்த ராத்திரி ஜார் அங்கே இல்லை

கதைக்குள் போவதற்கு முன் ஒரு பிரபலமான தப்பைத் திருத்திவிடலாம். போல்ஷெவிக்குகள் (லெனின் தலைமையிலான கட்சிக்காரர்கள்) 1917இல் அன்றைய தலைநகர் பெத்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இருந்த குளிர்கால அரண்மனையைத் தாக்கி ஜார் மன்னரைத் துரத்தினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 1917இல், பதவியை விட்டுவிட்டார். அவர் குளிர்கால அரண்மனையில் குடியிருப்பதை நிறுத்தியதே 1904இல்தான். அதற்குப் பின் தலைநகருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோ என்ற ஊரில், அலெக்சாண்டர் அரண்மனையில்தான் குடும்பத்தோடு இருந்தார். அரண்மனை தாக்கப்பட்ட ராத்திரியில் அவர் சைபீரியாவில் டொபோல்ஸ்க் என்ற ஊரில் காவலில் இருந்தார்.

அப்படியானால் அரண்மனையில் யார் இருந்தார்கள்? ஜாருக்குப் பின் வந்த இடைக்கால அரசின் அமைச்சர்கள். அவர்களைக் காக்க ராணுவப் பயிற்சி மாணவர்களும் பெண்கள் படைப்பிரிவு ஒன்றும். இதை நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்: பெரிய மண்டபங்களில் வரிசையாகக் கட்டில் போட்டு, காயம்பட்ட சிப்பாய்கள் படுத்திருந்தார்கள். முதல் உலகப் போருக்காக 1915 அக்டோபரிலேயே அந்த மண்டபங்களை ராணுவ மருத்துவமனை ஆக்கியிருந்தார்கள், அதுவும் ஜார் காலத்திலேயே.

அக்டோபர் 25 ராத்திரி (ரஷ்யாவின் பழைய காலண்டர் 13 நாள் பின்தங்கியது, நம் கணக்கில் நவம்பர் 7) போல்ஷெவிக்குகள் பக்கம் இருந்த அரோரா போர்க்கப்பல் சுட்டது வெற்று வேட்டு. பின்னிரவு இரண்டு மணி வாக்கில் ஒரு சாப்பாட்டு அறையில் வைத்து அமைச்சர்களைக் கைது செய்தார்கள். உயிர்ச்சேதம் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கானோர் வாயிற்கதவில் ஏறிக் குதித்து வெள்ளமாகப் பாய்வது போல நம் மனதில் இருக்கிற காட்சி பின்னால் வந்தது. 1920இல் மூன்றாம் ஆண்டு விழாவுக்காக அதே சதுக்கத்தில் பிரம்மாண்டமான நாடகம் ஒன்று போட்டார்கள், பிறகு ஐசன்ஸ்டைன் படமும் எடுத்தார். நாம் பார்த்தது அந்தப் படத்தை.

பத்திரம் எப்படி மாறியது

தனியார் சொத்தைச் சட்டம் போட்டு அரசின் பெயருக்கு மாற்றுவதற்கு நாட்டுடைமை ஆக்குவது என்று பெயர். நம் ஊரில் வங்கிகளுக்கு நடந்தது போல. அரண்மனைகளுக்கு இது ஒரே கையெழுத்தில் நடக்கவில்லை, மூன்று தவணையாக நடந்தது.

முதல் தவணை போல்ஷெவிக்குகளுடையதே அல்ல. மார்ச் 1917இல் இடைக்கால அரசே அரச குடும்பத்தின் நிர்வாகத் துறையைக் கைப்பற்றிவிட்டது. எழுத்தாளர் மக்ஸீம் கார்க்கியும் சில ஓவியர்களும் அப்போதே கூடி, அரண்மனைக் கலைப்பொருட்களை எப்படிக் காப்பது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது, புரட்சி முடிந்து ஐந்தே நாளில். அக்டோபர் 30 அன்று லூனச்சார்ஸ்கி என்பவர் குளிர்கால அரண்மனையையும் பக்கத்தில் இருக்கிற ஹெர்மிடேஜ் கலைக்கூடத்தையும் அரசு அருங்காட்சியகங்கள் என்று அறிவித்தார். மூன்றாவது, 1918 ஜூலை 13 தேதியிட்ட ஆணை: பதவி இழந்த ஜாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் சொந்தமான எல்லாச் சொத்தும் இனி சோவியத் குடியரசுக்கே. அந்தத் தேதிக்கு நாலு நாள் கழித்து, ஜூலை 17 அதிகாலையில், யெகாடெரின்பர்க் நகரத்து வீடொன்றின் கீழ்த்தள அறையில் ஜாரையும் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றார்கள்.

பத்திரம் மாறிய கதை அவ்வளவுதான். சாவிக் கதைதான் நீளம்.

சாவி: மதுவும் குளிரும் பட்டியலும்

லூனச்சார்ஸ்கி யார் என்று சொல்ல வேண்டும். புதிய அரசில் அமைச்சருக்கு 'மக்கள் கமிஸார்' என்று பெயர், அமைச்சர் என்ற சொல்லில் பழைய வாடை அடிக்கிறது என்று மாற்றினார்கள். லூனச்சார்ஸ்கி கல்விக்கும் கலைக்கும் கமிஸார். படிப்பாளி, கொஞ்சம் உணர்ச்சிவசப்படுகிறவர். மாஸ்கோ சண்டையில் கிரெம்ளின் மீது தன் கட்சிக்காரர்களே குண்டு போட்டதாகக் கேள்விப்பட்டதும், பதவியேற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ராஜினாமா செய்துவிட்டார். அடுத்த நாளே திரும்ப வந்தார். அரண்மனைகள் பிழைத்ததில் இந்த மனிதருக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். கலை என்றாலே பணக்காரன் அழுக்கு என்று நினைக்கிற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

குளிர்கால அரண்மனைக்கு வந்த முதல் ஆபத்து ஓவியத்துக்கு அல்ல, நிலவறையில் இருந்த மதுவுக்கு. ஜார்களின் ஒயின் கிடங்கு அது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் நவம்பரில் தலைநகரமே மோப்பம் பிடித்து வந்தது. காவலுக்குப் போட்ட படைப்பிரிவு குடித்துவிட்டுச் சாய்ந்தது. அதை மாற்றி வேறு படைப்பிரிவு போட்டார்கள், அதுவும் சாய்ந்தது. வாசலைச் சுவர் வைத்து அடைத்தார்கள், ஜன்னல் வழியாக இறங்கினார்கள். தண்ணீர் விட்டு நிலவறையை மூழ்கடிக்கத் தீயணைப்பு வீரர்களை அழைத்தார்கள், அவர்களும் குடித்தார்கள். நான் ஜோக் சேர்க்கவில்லை. அரண்மனையைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கிய அன்டோனவ்-ஒவ்செயென்கோவே இதை நினைவுக்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டாவது ஆபத்து மெதுவானது: குளிர். 1918 மார்ச்சில் தலைநகரம் மாஸ்கோவுக்கு மாறியது, உள்நாட்டுப் போர் மூண்டது, பெத்ரோகிராட் நகரம் பட்டினி கிடந்தது. 1917இல் சுமார் 23 லட்சம் பேர் இருந்த ஊரில் 1920இல் ஏழு லட்சத்துச் சொச்சம் பேர்தான் மிச்சம். வீடுகளில் நாற்காலியை உடைத்து அடுப்பெரித்த காலம். அப்படிப்பட்ட ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் உள்ள அரண்மனைக்கு விறகு யார் கொடுப்பார்கள்? சூடு இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும், பூச்சு உரியும், பட்டுத் திரை பூஞ்சணம் பிடிக்கும். எந்தப் புரட்சிக்காரனும் தொடாமலேயே ஓர் அரண்மனை செத்துப்போக முடியும்.

இதற்கு நடுவில்தான் அந்த விநோதமான கூட்டணி நடந்தது. நகரத்துக்கு வெளியே இருந்த அரண்மனைகளைக் காப்பாற்றியவர்களில் பலர் பழைய மேட்டுக்குடிக்காரர்கள். கட்சினா அரண்மனையில் அருங்காட்சியகத்தை அமைத்து நடத்தியவர் வாலன்டின் ஸூபவ், பிறப்பால் பிரபு. பாவ்லவ்ஸ்கில் பலோவ்ட்ஸவ், ஜாரின் அரசுப் பேரவைக்குச் செயலாளராக இருந்தவரின் மகன். ஜார்ஸ்கோயே செலோவில் லுகோம்ஸ்கி என்ற கலை வரலாற்றாளர். இவர்களுக்குப் புதிய அரசு மேல் பெரிய காதல் ஒன்றும் கிடையாது, லுகோம்ஸ்கியும் பலோவ்ட்ஸவும் சீக்கிரமே நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், ஸூபவும் பின்னால் போனார். ஆனாலும் அந்த ஒன்றிரண்டு வருடங்களில் அறை அறையாகப் போய், நாற்காலி எத்தனை, கடிகாரம் எத்தனை, எந்தச் சுவரில் எந்தப் படம் என்று எண் போட்டுப் பட்டியல் எடுத்தார்கள்.

பட்டியல் என்றால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் எண் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவது கஷ்டம். யாரோ ஒரு கமிஸார் வந்து "இந்த மேஜையை என் ஆபீசுக்கு அனுப்பு" என்றால், "தோழரே, இது பட்டியல் எண் இத்தனை, கல்வி கமிஸாரியட்டின் பொறுப்பில் இருக்கிறது" என்று ஒரு காகிதத்தை நீட்ட முடிந்தது. 1918 கோடைக்குள் கட்சினா, பீட்டர்ஹோஃப், ஜார்ஸ்கோயே செலோவின் கேத்தரின் அரண்மனை எல்லாம் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டன.

சுருக்கமாக: பத்திரம் அரசின் பெயருக்குப் போனது. ஆனால் சாவி யாரிடம் இருந்ததோ, அவருக்கு அந்த இடத்தின் மேல் அக்கறை இருந்ததா, பட்டியல் முடிந்திருந்ததா, விறகு கிடைத்ததா என்பதுதான் ஒவ்வொரு அரண்மனையும் எப்படிப் பிழைத்தது என்பதை முடிவு செய்தது.

ஒரே விதி இல்லை

எல்லா அரண்மனையும் மியூசியமாகிவிடவில்லை. ஒவ்வொன்றும் எந்தத் துறையின் கைக்குப் போனதோ அந்தத் துறையின் வேலைக்குப் போனது.

குளிர்கால அரண்மனையே ஒரு கூட்டுக் குடித்தனம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு பகுதியில் ஹெர்மிடேஜ். இன்னொரு பகுதியில் 1920 முதல் புரட்சி அருங்காட்சியகம். நடுவில் ஜார் குடும்பத்தின் சொந்த அறைகளை "பாருங்கள், இப்படித்தான் வாழ்ந்தார்கள்" என்று காட்டினார்கள், பிறகு 1926இல் அவற்றை மூடிவிட்டார்கள். சில காலம் மண்டபங்களில் சினிமாவும் சொற்பொழிவும் கச்சேரியும் நடந்தன.

ஜார்ஸ்கோயே செலோ என்றால் 'ஜாரின் கிராமம்'. 1918இல் அந்தப் பெயரைத் தூக்கிவிட்டு 'தெத்ஸ்கோயே செலோ' என்று வைத்தார்கள், 'பிள்ளைகளின் கிராமம்'. பெயரோடு நிற்கவில்லை, அங்கிருந்த பிரபுக்களின் மாளிகைகளில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்களும் பள்ளிகளும் நடந்தன. அலெக்சாண்டர் அரண்மனையில் ஜார் தம்பதியின் அறைகளை மேஜை மேல் இருந்த புகைப்படம் வரை அப்படியே வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். மாடியில் ஜாரின் பிள்ளைகள் தூங்கிய அறைகளில் அநாதைப் பிள்ளைகள் குடியேறினார்கள். என்னை ரொம்ப யோசிக்க வைக்கிற காட்சி இதுதான். சரி தப்பு சொல்ல வரவில்லை.

கிரைமியாவின் கடலோர அரண்மனைகள் வேறு வழியில் போயின. 1920 டிசம்பரில் லெனின் கையெழுத்திட்ட ஓர் ஆணை, ஜார்களும் பணக்காரர்களும் ஓய்வெடுத்த அந்த மாளிகைகளை உழைப்பாளர்களின் சிகிச்சைக்கு ஒதுக்கியது. இதற்கு உண்டான சொல் சானடோரியம்: மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் தங்கி, காற்றும் வெயிலும் நல்ல சாப்பாடுமாக உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இடம். காசநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம். 1911இல்தான் கட்டி முடித்த லிவாடியா அரண்மனை, வெள்ளைக் கல்லில், கருங்கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1925இல் அங்கே விவசாயிகளுக்கான சானடோரியம் திறந்தார்கள். பக்கத்தில் மசந்த்ரா அரண்மனையில் நடந்த சானடோரியத்துக்கு 'பாட்டாளி ஆரோக்கியம்' என்று பெயர். பிரச்சாரத்துக்கு ஏற்ற படம்தான், ஆனால் படுத்த நோயாளிகள் நிஜம். அதே மசந்த்ரா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்டாலினுக்கான அரசு விடுதியாக மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

பழைய தலைநகரில் மற்றவை? நிக்கோலஸ் அரண்மனை தொழிற்சங்கங்களுக்குப் போய் 'உழைப்பு அரண்மனை' ஆனது. அனிச்கவ் அரண்மனை கொஞ்ச காலம் நகர அருங்காட்சியகம், பிறகு 1937 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயனீர் மாளிகை: செஸ், விமான மாடல், நடனம் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வந்து போகிற இடம். பளிங்கு அரண்மனையில் முதலில் தொல்லியல் ஆராய்ச்சி நிறுவனம், பிறகு லெனின் மியூசியம். மாஸ்கோவில் கிரெம்ளின் அரசின் கைக்கே போனது, தலைவர்கள் உள்ளே குடிவந்தார்கள், மக்களுக்குக் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. அங்கிருந்த பெரிய அரண்மனையில் இரண்டு அழகான மண்டபங்களை 1930களில் இடித்துச் சேர்த்து ஒரே கூட்ட அரங்கமாக்கினார்கள். அலங்காரமெல்லாம் போய், பள்ளிக்கூட ஹால் மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாமான்: பெரிய அடி இங்கேதான் விழுந்தது

சூறையாடல் என்றால் நாம் குடித்துவிட்டு வந்த சிப்பாயை நினைக்கிறோம். அவன் எடுத்துப்போனது சட்டைப்பையில் கொள்கிற அளவு. அரண்மனைகளை நிஜமாகவே காலி செய்தது கோட்டுப் போட்டு, ரசீது புத்தகத்தோடு வந்த ஆள்.

காரணம் கொள்கை வெறி அல்ல, காசு. 1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. தொழிற்சாலைக்கு இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு ரூபிள் செல்லாது, டாலரும் பவுண்டும் வேண்டும். வெளிநாட்டில் செல்லுபடியாகிற இந்தப் பணத்துக்குத்தான் அந்நியச் செலாவணி என்று பெயர். விற்பதற்கு நாட்டில் என்ன இருக்கிறது? கோதுமை, மரம், எண்ணெய், அப்புறம் ஜார் வீட்டுச் சாமான். கல்யாணச் செலவுக்குப் பாட்டியின் நகையை எடுத்து விற்பது போல. ஆனால் இங்கே பாட்டி வேறு வீட்டுப் பாட்டி.

இதற்கென்றே 'அன்டிக்வாரியட்' என்று ஓர் அரசு வியாபார அமைப்பு இருந்தது. 1928 நவம்பரில் பெர்லினில் அரண்மனைகளின் மேஜை நாற்காலிகளும் ஓவியங்களும் ஏலத்துக்கு வந்தன. எண்ணெய் வியாபாரி குல்பென்கியன் ரகசியமாகப் பேரம் பேசி ரெம்பிராண்ட், ரூபென்ஸ் என்று பொறுக்கி வாங்கினார், அவற்றில் பல இன்று லிஸ்பனில். அமெரிக்க நிதியமைச்சராகவே இருந்த ஆண்ட்ரூ மெல்லன் 1930–31இல் ஹெர்மிடேஜிலிருந்து 21 ஓவியங்களைச் சுமார் 66 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதில் ரஃபேல் வரைந்த 'ஆல்பா மடோன்னா' ஒன்று மட்டுமே 11 லட்சம் டாலருக்கு மேல். அந்த 21 ஓவியங்களும் இன்று வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. நகைக் கலைஞர் ஃபபெர்ஜே ஜார் குடும்பத்துக்குச் செய்த ரத்தின ஈஸ்டர் முட்டைகள் பல நாடுகளுக்குச் சிதறின. ஜார்களின் நூலகப் புத்தகங்கள் அமெரிக்க நூலகங்களுக்குப் போயின.

ஹெர்மிடேஜ்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கீழ்த்திசைப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒர்பெலி 1932இல் நேராக ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். அந்தப் பிரிவைத் தொட வேண்டாம் என்று பதில் வந்தது. லூனச்சார்ஸ்கி அதற்கு முன்பே, 1929இல், பதவியை விட்டுப் போய்விட்டார்.

எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஸூபவும் லுகோம்ஸ்கியும் குளிரில் விரல் மரத்துப்போக எழுதியவை போன்ற பட்டியல்கள் இல்லாமல் இந்த விற்பனை இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. எது எங்கே இருக்கிறது, யார் செய்தது, எவ்வளவு அரிது என்று எல்லாம் தயாராக இருந்தது. 1918இல் நாற்காலியைக் காப்பாற்றிய எண், பத்து வருடம் கழித்து ஏல எண் ஆகிவிட்டது.

ஆக, கட்டடங்கள் பெரும்பாலும் நின்றன. சாமான் கணிசமாகப் போனது, கலவரத்தில் போனதைவிட ரசீது போட்டுப் போனது அதிகம். (பீட்டர்ஹோஃபும் பாவ்லவ்ஸ்கும் கேத்தரின் அரண்மனையும் எரிந்து கூடாகக் கிடக்கிற புகைப்படங்களைப் பார்த்திருந்தால், அது இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் இருந்து போன கோலம். அதைப் புரட்சியின் கணக்கில் எழுதாதீர்கள்.)

பெயரும் கழுகும் வேலியும்

கடைசியாக, வீட்டின் பெயர்ப்பலகை. கட்சினாவுக்கு 1923இல் ட்ரோட்ஸ்க் என்று பெயர் வைத்தார்கள். புரட்சித் தலைவர்களில் ஒருவரான ட்ரோட்ஸ்கி மற்ற தலைவர்களுக்கு ஆகாதவராகி நாடு கடத்தப்பட்டதும், 1929இல், அதையும் மாற்றினார்கள். பாவ்லவ்ஸ்க் ஒரு பெண் புரட்சியாளரின் நினைவாக ஸ்லூத்ஸ்க் ஆனது. பிள்ளைகளின் கிராமம் 1937இல் கவிஞர் புஷ்கின் பெயரைப் பெற்றது. பெயர்களை மாற்றுவதில் இவ்வளவு வேகம் காட்டியவர்கள், கிரெம்ளின் கோபுரங்களின் உச்சியில் இருந்த ஜாரின் இரட்டைத் தலைக் கழுகுகளை மட்டும் 1935 அக்டோபர் வரை இறக்கவில்லை. லெனின் அங்கே வேலை செய்த காலம் முழுக்க அந்தக் கழுகுகள் தலைக்கு மேல் இருந்தன.

குளிர்கால அரண்மனையின் வேலி கதை இன்னும் விசேஷம். ஜார் குடும்பத்தின் தனித் தோட்டத்தைச் சுற்றி, வெளியாட்கள் கண் படாமல் இருக்க, அலங்கார இரும்பு வேலி ஒன்று இருந்தது. புரட்சிக்குப் பிறகு அதைக் கழற்றி, நகரத்தின் தென்மேற்கில் தொழிலாளர்கள் வாழும் நார்வா பகுதிக்குக் கொண்டுபோனார்கள். 1905 ஜனவரி 9 அன்று அந்தப் பகுதி மக்கள்தான் பெரும் ஊர்வலமாகக் கிளம்பி, ஜாரிடம் மனு கொடுக்கக் குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தார்கள், வழியிலேயே சுடப்பட்டார்கள். அன்றைக்கும் ஜார் அரண்மனையில் இல்லை. கழுகுகளையும் மன்னரின் முத்திரை எழுத்துகளையும் எடுத்துவிட்டு, வேலியை அங்கே ஒரு பூங்காவைச் சுற்றி நட்டார்கள். பூங்காவின் பெயர் ஜனவரி 9 பூங்கா. வேலி இன்னமும் அங்கேதான் நிற்கிறது.